மாடி அறையில் ஒரு பம்பை

அமாவாசை இரவில் மேல்மலையனூர் போய் வந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம் நடக்கும் நேரத்தில் பம்பையும் உடுக்கையும் கைச்சிலம்பும் ஒன்றாக எழும்பும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது, தாளம் மட்டும் நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும். பம்பை என்பது சேர்த்துக் கட்டிய இரண்டு உருளை மேளங்கள். ஒன்று மரம், மற்றது வெண்கலம். இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரே ஆள் இரண்டையும் பேசவைக்கிறார். மரம் அடங்கிய குரலில் சொன்னதற்கு வெண்கலம் உரக்கப் பதில் சொல்லும். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது தாலாட்டுக்கு அடுத்தபடியாகக் கேட்ட ஓசையாகக்கூட இருக்கும்.

அதே பிள்ளை பதினேழு வயதில் ராத்திரி பத்து மணிக்கு மேல் மாடி அறையில் லேப்டாப்பைத் திறந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பீட் போட உட்காருகிறது. இணையத்தில் இறக்கிய சாம்பிள் தொகுப்பில் ‘இந்தியா’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. திறந்தால் பெரும்பாலும் தபேலா, சிதார், டோல். பக்கத்திலேயே மாதாமாதம் ஒலிக்கும் பம்பையை அதில் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. கையில் இருப்பதை வைத்து அந்தப் பிள்ளை ஒரு பாட்டைச் செய்து முடிக்கிறது. சுத்தமாக, சரியாக, யாரும் எங்கிருந்தும் செய்திருக்கக்கூடிய பாட்டாக அது இருக்கிறது.

இந்த வாரச் சிறப்புக் கட்டுரை அந்தப் பிள்ளைக்காக, ஆணோ பெண்ணோ. “ராத்திரியெல்லாம் அந்த டப்பாவை வைத்துக்கொண்டு என்னதான் பண்ணுகிறாய்?” என்று கீழே இருந்து குரல் கொடுக்கும் அப்பா அம்மாவுக்காகவும்தான்.

அவர்கள் என்னதான் பண்ணுகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஒரு காலத்தில் ஒரு பாட்டு உருவாக இசையமைப்பாளர், வாத்தியக்காரர்கள், ஒலிப்பதிவாளர், மிக்ஸிங் செய்பவர், மாஸ்டரிங் செய்பவர் என்று ஒரு கூட்டமே வேண்டும். அவர்கள் கூடுவதற்கு மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஒரு ஸ்டுடியோ வேண்டும். அந்த ஸ்டுடியோக்கள் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பக்கம்தான் இருந்தன. விழுப்புரத்துப் பையன் எழும்பூர் வண்டியில் ஏறினால்தான் இசை என்ற நிலைமை அது. இன்று அத்தனை வேலையையும் ஒரே ஆள், ஒரே கணினியில், படுக்கிற அறையிலேயே செய்துவிட முடிகிறது. தாளத்தை மௌஸால் தட்டுகிறார், பேஸ் வரியை விரலால் வாசிக்கிறார், குரலை ஒரு மைக்கில் பிடிக்கிறார், எல்லாவற்றையும் சமன் செய்து வெளியிடுகிறார். பெட்ரூம் புரொடியூசர் என்று உலகம் அழைப்பது இவரைத்தான்.

சின்ன ஊர்க்காரருக்கு இதெல்லாம் சரிப்படுமா என்று கேட்பவர்களுக்கு பெல்வில் கதையைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் மாநகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவில் தள்ளியிருக்கும் சின்ன ஊர் பெல்வில். அந்த ஊர்ப் பள்ளியில் 1970-களின் கடைசியில் மூன்று கறுப்பின மாணவர்கள் நண்பர்கள் ஆனார்கள்: ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். பெரிய இசைப்பள்ளிப் படிப்பு எதுவும் இல்லை. இரவு வானொலியைக் கேட்டார்கள், கிடைத்த சிந்தசைசரையும் டிரம் மெஷினையும் வைத்து வீட்டிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்கள். அட்கின்ஸின் சைபோட்ரான் குழு 1981-இல் முதல் தட்டை வெளியிட்டது. 1988-இல் லண்டனில் வெளியான ஒரு தொகுப்பு அந்த இசையின் பெயரை உலகத்துக்கு அறிவித்தது. டெக்னோ என்று இன்று உலகமெங்கும் ஆடப்படும் இசை அப்படி ஓர் ஊரிலிருந்து வந்ததுதான்.

அவர்கள் தலைமுறை கையில் எடுத்த கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிஆர்-808 என்ற டிரம் மெஷினை 1980-இல் கொண்டுவந்தது. நிஜ டிரம் மாதிரியே ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கினார்கள். சுமார் 12,000 பெட்டிகளோடு 1983-இல் உற்பத்தி நின்றது. பேஸ் கிடார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காக வந்த டிபி-303 பெட்டிக்கும் அதே கதி. விலை சரிந்து பழைய சாமான் கடைக்கு வந்த பிறகு, காசில்லாத இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். நிஜ டிரம் மாதிரி இல்லை என்ற குறையே அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. இன்று ஹிப்ஹாப்பிலும் நம் சினிமாப் பாட்டிலும் அடிவயிற்றை உலுக்கும் அந்த ‘எயிட் நாட் எயிட்’ பேஸ் அந்தப் பெட்டியின் வாரிசு.

இந்தியாவுக்கும் இதில் பழைய பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இலேயே மூக் சிந்தசைசரோடு ஓர் எலக்ட்ரானிக் இசைக்கூடம் அமைந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா போன்றவர்கள் அங்கே பதிவு செய்த நாடாக்கள் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்து, 2023-இல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. பம்பாய்த் திரையிசையில் கிடார் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-இல் ரோலண்ட் பெட்டிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு செய்தார். டிபி-303-ம் டிஆர்-808-ம் அதில் சேர்ந்தே ஒலிக்கின்றன. அப்போது யாரும் வாங்கவில்லை. 1987-இல் சிகாகோவில் பிறந்த ‘ஆசிட் ஹவுஸ்’ இசையைப் போலவே அது ஒலிக்கிறது என்று 2010-இல் மறுவெளியீடு ஆனபோதுதான் உலகம் வியந்தது. எழுபது வயதை ஒட்டி அவருக்கு வெளிநாட்டு மேடைகள் கிடைத்தன. 2015-இல் காலமானார்.

நம்மூரில் 1986-இன் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினி இசையைக் கையாண்டதும், அந்தக் காலத்தில் அவரிடம் கீபோர்டு வாசித்த திலீப் என்ற இளைஞர் பிறகு ஏ.ஆர்.ரஹ்மான் ஆனதும் எல்லோரும் அறிந்த கதை. 1976-இல் அப்பா ஆர்.கே.சேகர் இறந்தபோது ரஹ்மானுக்கு ஒன்பது வயது. அப்பா விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. பிற்பாடு கோடம்பாக்கத்தில் வீட்டின் பின்பக்கமே அவர் அமைத்துக்கொண்ட சின்ன ஸ்டுடியோதான் பஞ்சதன் ரெக்கார்ட் இன். 1992-இல் வந்த ‘ரோஜா’வின் ஒலி அங்கே உருவானது. அந்த ஒலி அதுவரை தமிழ் சினிமாவில் இல்லாததாக இருந்ததற்கு, யாரும் மணி பார்க்காத ஓர் அறையில் இரவு முழுக்க அலசி அலசிச் செய்யப்பட்டதும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் பெட்ரூம் புரொடியூசர் என்ற சொல்லுக்கு அச்சு அசலாகப் பொருந்தும் தமிழர் ஒரு பெண். அவரைப் பற்றி நம் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதவில்லை.

மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம் 1975-இல் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போனவர், போருக்கு நடுவே வளர்ந்து, இடையில் சென்னையிலும் கொஞ்ச காலம் வறுமையில் வாழ்ந்து, பதினோரு வயதை ஒட்டி அகதியாக லண்டன் திரும்பினார். படித்தது ஓவியமும் சினிமாவும்; இசை படிக்கவில்லை. ஒரு ராக் குழுவின் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில், பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்சி-505 என்ற பெட்டியை அவருக்கு அறிமுகப்படுத்தினார். இரவல் வாங்கிய அப்படி ஒரு பெட்டியையும் நான்கு தடங்கள் மட்டுமே பதிவாகும் ஒரு டேப் ரெக்கார்டரையும் வைத்துத் தன் அறையில் அவர் செய்த பாட்டுகள்தான் ‘எம்.ஐ.ஏ.’ என்ற பெயரை உலகத்துக்குச் சொன்னவை. ‘கலாங்’ 2003-இல் வெறும் 500 தட்டுகளாக வந்தது. அப்பாவின் பெயரைத் தாங்கிய ‘அருளர்’ 2005-இல் வந்து பிரிட்டனின் மெர்க்குரி விருதுக்கான பட்டியலில் இடம்பிடித்தது.

அடுத்து அவர் செய்ததுதான் விழுப்புரத்துப் பிள்ளை கூர்ந்து பார்க்க வேண்டியது. இரண்டாவது ஆல்பத்துக்கு அமெரிக்கா போக விசா கிடைப்பதில் சிக்கல். பெரிய அமெரிக்கப் புரொடியூசருடன் வேலை செய்யும் திட்டம் நின்றுபோனது. அவர் பல நாடுகளுக்குக் கிளம்பினார், சென்னைக்கும் வந்தார். நம்மூர் மேளக்காரர்களை உட்காரவைத்து உறுமி மேளத்தைப் பதிவு செய்தார். அம்மாவின் பெயரைத் தாங்கிய ‘கலா’ 2007-இல் வந்தபோது, அதில் ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் உறுமிதான் ராஜா. முதல் பாட்டிலேயே ‘தளபதி’ படத்தின் இளையராஜா இசையிலிருந்து எடுத்த ஒரு துண்டும் உண்டு. நம் சாவு வீட்டிலும் கோயில் வாசலிலும் பெரும்பாலும் ஒலித்த ஒரு மேளம் உலகத்தின் நடன அரங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது, அதைக் கேட்டு வளர்ந்த ஒருத்தி அதைத் தேடி வந்ததால்தான். தன் இசையை யாரோ ஓர் ஆண் புரொடியூசர்தான் செய்தார் என்று பத்திரிகைகள் எழுதியபோது, மாயா அதை வெளிப்படையாக மறுத்துப் பேசினார். நம்மூர்ப் பெண் பிள்ளைகள் லேப்டாப்பைத் திறக்கும்போது “உனக்கு யார் போட்டுக் கொடுத்தது?” என்ற அதே கேள்வி வரும். அதற்குப் பதில் அவர்களுடைய ஃபைலிலேயே இருக்கிறது, திறந்து காட்டட்டும்.

லேப்டாப்பில் எங்கிருந்து தொடங்குவது?

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் பல வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. படிப்புக்காக வந்த கணினிதான் சிலருக்குப் பாட்டுக்கும் பயன்பட்டது. இன்று செல்போனிலேயே ஆரம்பிக்கலாம். சிங்கப்பூரிலிருந்து வரும் பேண்ட்லேப் இலவசம், போனிலேயே பல தடங்களாகப் பதிவு செய்யவும் விடுகிறது. கணினியில் எல்.எம்.எம்.எஸ். இலவசம். ரீப்பர் அறுபது நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கவிட்டு, பிறகு தனிநபருக்கு 60 டாலர் கேட்கிறது. பெரும்பாலான நம் பிள்ளைகள் ஆசைப்படும் எஃப்.எல். ஸ்டுடியோ 1997-இல் ‘ஃப்ரூட்டி லூப்ஸ்’ என்ற பெயரில் பெல்ஜியத்தில் பிறந்தது. அதன் இலவசப் பதிப்பில் பாட்டு செய்து வெளியே எடுத்துக்கொள்ளலாம். சேமித்த ஃபைலை மறுபடி திறக்க மட்டும் முடியாது. பதினேழு வயதில் நெதர்லாந்தின் மார்ட்டின் கேரிக்ஸ் 2013-இல் வெளியிட்டு உலகம் சுற்றிய ‘அனிமல்ஸ்’ இந்த எஃப்.எல். ஸ்டுடியோவில் செய்யப்பட்டதுதான்.

திருட்டுப் பதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன்: வேண்டாம். அதோடு வரும் வைரஸ் ஒரு வருட வேலையை ஒரே இரவில் தின்றுவிடக்கூடும். நாளைக்கு உன் பாட்டை எவனோ எடுத்துப் போட்டுக் காசு பார்த்தால் கேட்கும் வாயும் உனக்கு இருக்க வேண்டும்.

செலவு செய்யச் சில ஆயிரங்கள்தான் இருக்கின்றன என்றால் முதலில் ஒரு நல்ல ஹெட்போன். பாட்டுக் கேட்பதற்கென்று பேஸைத் தூக்கிக் காட்டும் வகை ஆகாது, உள்ளதை உள்ளபடி காட்டும் ஸ்டுடியோ வகை வேண்டும். அடுத்து சின்ன மிடி கீபோர்டு, கடைசியில் ஆடியோ இன்டர்ஃபேஸும் மைக்கும். சுவரில் முட்டை அட்டை ஒட்டும் வேலை வேண்டவே வேண்டாம். அது வெளிச் சத்தத்தைத் தடுக்காது. துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் நின்று பாடினால் அதைவிடச் சுத்தமான குரல் கிடைக்கும். மே மாதத் திண்டிவனத்தில் ஃபேனை அணைத்துவிட்டுப் பாடுவது தண்டனைதான். ஆனால் மைக்குக்கு ஃபேன் சத்தம் ஆகாது. காதையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்: வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு எல்லை. இரவெல்லாம் முழு வால்யூமில் வேலை செய்யும் பிள்ளை அந்த எல்லையை ஓரிரு நாளிலேயே தாண்டிவிடுகிறது. காது போனால் இந்தத் தொழிலில் வேறு முதல் கிடையாது.

நாலுக்கு நாலா, மூன்றுக்கு மூன்றா?

எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது கட்டங்கள். பதினாறு கட்டங்கள் வரிசையாக, நான்கு நான்காகப் பிரிந்து. ஒன்று, ஐந்து, ஒன்பது, பதின்மூன்று ஆகிய கட்டங்களில் கிக் டிரம்மை வைத்தால் உடனே ஹவுஸ் இசையின் நடை வந்துவிடும். யூடியூபில் பாடம் எடுக்கும் எல்லோரும் இங்கேதான் தொடங்குகிறார்கள், நம் பிள்ளைகளும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

நம் குத்துத் தாளம் பெரும்பாலும் இந்தப் பெட்டிக்குள் உட்காராது. அது திஸ்ர நடை, மும்மூன்றாக நடப்பது. கட்டங்களைப் பன்னிரண்டாக மாற்றி, ஒன்று, நான்கு, ஏழு, பத்தில் அடியை வைத்துப் பாருங்கள். அறையே திருவிழாத் தெருவாக ஆட ஆரம்பிக்கும். இன்னொன்றும் உண்டு. மென்பொருளில் ‘குவாண்டைஸ்’ என்று ஒரு பொத்தான். வாசித்ததையெல்லாம் மில்லிநொடி பிசகாமல் கட்டத்தில் ஒட்டவைத்துவிடும். பம்பைக்காரர் வாசித்ததில் அந்தப் பொத்தானை அழுத்தினால் உயிர் போய்விடும். அவருடைய அடி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நூலிழை தள்ளி விழுகிறது. ஆடுகிற கால் அந்த நூலிழைக்குத்தான் காத்திருக்கிறது. பதிவு செய்த தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உங்கள் கிக் டிரம்மை அதை ஒட்டி நகர்த்துவதே சரி. ஒரு மாலை முழுக்க எடுக்கும் வேலை இது. செய்து பார்த்தவர்கள் பிறகு ரெடிமேட் லூப் பக்கம் போக மாட்டார்கள்.

பம்பையைப் பதிவு செய்ய விலை உயர்ந்த மைக் தேவையில்லை, தூரம்தான் தேவை. போனை மேளத்தின் அருகில் நீட்டினால் ஒலி வெடித்துக் கரகரக்கும், அதைப் பிறகு சரிசெய்ய வழியே இல்லை. பத்துப் பதினைந்து அடி தள்ளி, சுவரை ஒட்டாமல் வைத்து, பதிவு அளவு உச்சத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கோயில் கூட்டத்தில் எடுப்பதைவிட, கலைஞரிடம் பேசி ஒரு பகல் பொழுதில் தோப்பில் எடுப்பது மேல். ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லி எடுங்கள்: மரம் மட்டும், வெண்கலம் மட்டும், மெதுவாக, ஓங்கி. அதன் பிறகு முழுத் தாளம்.

பம்பை ஒன்று மட்டுமல்ல, இந்த வட்டாரத்தில் கேட்கக் காதிருந்தால் போதும். செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைடல் அதை ஆராய்ந்து 1988-இல் ஒரு பெரிய நூலையே வெளியிட்டிருக்கிறார். கூத்தில் ஒலிக்கும் முகவீணை ஒரு சாண் நீளக் குழல். அதன் குரல் எந்த சிந்தசைசரின் ‘லீட்’ ஒலிக்கும் சளைத்ததல்ல. மரக்காணம் அருகே 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியில் விடியற்காலை போனைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். செஞ்சிக் கோட்டைக்குப் போனால் நெற்களஞ்சியத்தின் உள்ளே ஒரே ஒரு முறை ஓங்கிக் கைதட்டி, எதிரொலி முழுதாக அடங்கும்வரை பதிவு செய்யுங்கள். அந்தக் கைத்தட்டல் பதிவை ரீப்பரிலோ எஃப்.எல். ஸ்டுடியோவிலோ உள்ள கன்வல்யூஷன் ரிவர்ப் கருவிக்குள் போட்டால், உங்கள் குரல் அந்தக் களஞ்சியத்துக்குள் நின்று பாடுவது போல் ஒலிக்கும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஒரு கோட்டையின் எதிரொலி உங்கள் லேப்டாப்பில், செலவில்லாமல்.

வானூர் வட்டத்தில், ஆரோவில்லின் கோட்டக்கரையில் 2003 முதல் இயங்கும் ‘ஸ்வரம்’ பட்டறையும் இங்கே சொல்லத்தக்கது. சுற்றுக் கிராமத்து இளைஞர்கள் அங்கே பயிற்சி பெற்றுப் புதுப்புது இசைக்கருவிகளைச் செய்கிறார்கள். மரமும் உலோகமும் கல்லும் எப்படி ஒலிக்கின்றன என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள இந்த மாவட்டத்திலேயே ஓர் இடம் இருக்கும்போது, திரையில் மட்டும் அதைக் கற்றுக்கொள்வானேன்?

யாருடைய அடி, யாருடைய காசு?

இங்கேதான் நான் கண்டிப்பாகப் பேச விரும்புகிறேன். பம்பையும் பறையும் உறுமியும் வாசிப்பவர்களை ஊர் பல தலைமுறையாக வாசலுக்கு வெளியே நிற்கவைத்தது. தாளம் வேண்டும், தாளக்காரர் வேண்டாம் என்பது ஊரின் பழைய கணக்கு. லேப்டாப் தலைமுறை அதே கணக்கைப் புதுப் பெயரில் எழுதக் கூடாது. சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. ஒருவர் வாசிப்பதைப் பதிவு செய்தால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி நிகழ்த்துநர் உரிமை அவருக்கு 50 ஆண்டு உண்டு. எனவே கேட்டுப் பதிவு செய்யுங்கள், அன்றைக்கே பணம் கொடுங்கள், பாட்டில் அவர் பெயரைப் போடுங்கள், வருமானம் வந்தால் பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் 2018-இல் மேடையேறிய ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, திரைப்பட இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. பறைக்காரரும் கானாக்காரரும் அங்கே மேடையின் நடுவில் நின்றார்கள். அது ஒரு முன்மாதிரி.

சினிமாப் பாட்டிலிருந்து துண்டு எடுத்து ரீமிக்ஸ் செய்வது பழகுவதற்கு நல்லது, வெளியிடுவதற்கு ஆகாது. இசையமைப்பின் உரிமை இசையமைத்தவர் ஆயுள் முழுவதும், பிறகு 60 ஆண்டும் நீடிக்கும். ஒலிப்பதிவுக்குத் தனியாக 60 ஆண்டு. யூடியூபின் தானியங்கிக் கண்காணிப்பு சில நொடித் துண்டைக்கூட அடையாளம் கண்டுபிடித்து, வரும் காசை உரிமையாளருக்குத் திருப்பிவிடக்கூடும்.

உங்கள் சொந்தப் பாட்டுக்கும் இதே கவனம் வேண்டும். ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வந்து உலகமெல்லாம் ஒலித்தது. மூன்று ஆண்டு கழித்து, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் காணொளியில் சொன்னார். அவ்வளவு பெரிய பெயர்களுக்கே அந்த நிலை என்றால், முதல் பாட்டோடு வரும் பிள்ளை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்காமல் கையெழுத்து போடக் கூடாது. பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தரும், 1969 முதல் இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகப் பதிந்து, ஒவ்வொரு பாட்டையும் யார் எழுதினார், யார் இசையமைத்தார் என்று பெயரோடு பதிவு செய்வது பிற்காலத்துக்கு ஆதாரம்.

பெற்றோர் கேட்கும் கேள்வி மிச்சமிருக்கிறது: இதில் சோறு கிடைக்குமா? பாட்டை இணையத்தில் ஏற்றி, கேட்பவர் எண்ணிக்கையை நம்பி வாழ்வது மிகச் சிலருக்கே வாய்க்கும். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த அறையில் கற்றுக்கொள்ளும் வேலை வேறு பல கதவுகளைத் திறக்கிறது. குறும்படம், விளம்பரம், கல்யாண வீடியோ, அம்மன் பாட்டு ஆல்பம், விளையாட்டுச் செயலி என்று ஒலி தெரிந்தவர் தேவைப்படாத இடமில்லை. சந்தோஷ் நாராயணனே முதலில் ஒலிப்பதிவுப் பொறியாளராக வேலை செய்து, 2012-இல் ‘அட்டகத்தி’க்கு வந்தவர். முறையாகப் படிக்க வேண்டுமென்றால் தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் ஒலிப்பதிவில் பட்டப்படிப்பு நடத்துகிறது. 2008-இல் ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக்கல்லூரி இசைத் தொழில்நுட்பம் கற்பிக்கிறது. படிப்பை முடித்துக்கொண்டே இதைச் செய்யட்டும். இரவு நேரத்தை மட்டும் அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இனி அரசிடம் ஒரு கோரிக்கை. கலை பண்பாட்டுத் துறை விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி ஒன்றை நடத்துகிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் எல்லாம் அங்கே கற்பிக்கிறார்கள். அந்தப் பள்ளியில் ஓர் அறையை ஒதுக்கி, ஒரு கணினி, இரண்டு மைக், ஒரு ஜோடி ஸ்பீக்கர் வைத்து, மாலையில் இரண்டு மணி நேரம் இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். மாதம் ஒரு பம்பைக் கலைஞரையோ கூத்துக் கலைஞரையோ ஊதியம் கொடுத்து அழைத்து, அவர் வாசிப்பைப் பதிவு செய்து, அவர் பெயரோடும் சம்மதத்தோடும் ஒரு பொது ஒலி நூலகமாகச் சேர்த்துவையுங்கள். சாலை போடும் செலவில் இது ஒரு துளிகூட இல்லை. வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே, இந்த ஆண்டே, இதைத் தொடங்க வேண்டும் என்று துறையையும் மாவட்ட நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.